சுதந்திறம், வெந்நீர், தேங்காய் ரொட்டி: கோத்தகிரியில் மூன்று ராத்திரி

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இறங்கி அரைக் கிலோமீட்டர் தேயிலைக்குள் நடந்தால் வருகிற ஒரு நாலு அறை விடுதியில் போன மாதம் மூன்று ராத்திரி தங்கினேன். ஒரு ராத்திரிக்கு 2,400 ரூபாய், காலைப் பலகாரம் அதில் அடக்கம், மற்ற இரண்டு வேளைக்கும் தனிக் கணக்கு. விடுதியின் பெயரைப் போடப் போவதில்லை. குறை கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், அதன் சொந்தக்காரர் மோசமான ஆளும் கிடையாது, அவர் பிழைப்பில் மண் அள்ளிப் போட எனக்கு மனசில்லை. ஆனால் இந்த மாதிரி விடுதிகள் அந்த மலை முழுக்க முளைத்திருக்கின்றன, விளம்பரமும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் ஒன்றைப் பற்றிப் படித்தால் மற்றதற்கும் உதவும்.

விளம்பரத்தில் என்னை இழுத்தது ஒரே வரி: ‘இங்கே உங்களுக்கு முழு சுதந்திரம்.’ சாதாரணமாக இந்த மாதிரி வரியைக் கண்டால் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. இருபது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கும்பாபிஷேக மலர் வரைக்கும் பார்த்தாயிற்று, பெரிய சொற்கள் மேல் எனக்கு அப்படியொன்றும் பயபக்தி கிடையாது. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன், அந்தச் சொல் மண்டையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா சொத்தில் எனக்கு வரவேண்டிய பங்கை அண்ணனுக்கே விட்டுவிட்டேன் என்று பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் ஒரு கையால் கொடுப்பதை இந்தப் பத்திரம் மறு கையால் திரும்ப வாங்கிக்கொள்கிறது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘உன் இஷ்டம்தாம்மா, உனக்கு முழுச் சுதந்திரம் இருக்கு’ என்றுதான் அண்ணன் சொன்னான். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பத்திரத்தில் நான் ‘எழுதிக் கொடுப்பவர்’, அண்ணன் ‘எழுதி வாங்குபவர்’. சரி, இதில் விடுதலையானது யார் என்று பார்த்தால் நானும் இல்லை அவனும் இல்லை, அந்த ஒன்றரை ஏக்கர் தோட்டம், என்னிடமிருந்து. பிறகு அண்ணன் ஒரு கவரில் வைத்துக் கொடுத்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் மலை ஏறினேன்.

ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கே பஸ் மாறிக் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் வயிற்றைக் கலக்கும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. சொந்தக் கார் வைத்திருப்பவர் அனுமதிச் சீட்டுக்காகக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க, முறுக்குப் பொட்டலத்தோடு நான் ஜன்னலோரமாக அவரைக் கடந்து போனேன், அல்ப சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், மலைக்கு மேல் தடை.

விடுதி வாசலில் மரப்பலகை. சுட்டு எழுதிய எழுத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ‘சுதந்திறத்தை உணருங்கள்.’ வல்லின ற. கையில் பை, தோளில் பை, மூச்சு வாங்குகிறது, ஆனாலும் என் கண் அங்கேதான் போய் நின்றது. சுதன் என்றால் மகன், திறம் என்றால் திறமை, ஆக மகனின் திறமையை உணரச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன், பதிவு அலுவலக ஞாபகம் வந்து சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அறைக்குள் போனால் கதவுக்குப் பின்னால் லேமினேட் பண்ணிய தாள். தலைப்பு ‘உங்கள் சுதந்திறம், எங்கள் மகிழ்ச்சி’. அதன் கீழே பதினேழு விதிகள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. ராத்திரி எட்டு மணிக்குக் கேட் பூட்டப்படும். வெந்நீர் காலை ஆறரை முதல் எட்டு வரை. துணி காயப்போடக் கூடாது. வெளிச் சாப்பாடு கூடாது. கல்யாணமாகாத ஜோடிகளுக்கு இடமில்லை, ஆண்கள் மட்டும் கூட்டமாக வந்தால் இடமில்லை. அடுப்படிக்குள் விருந்தினர் வரக் கூடாது. இதற்கெல்லாம் மேலே அந்தத் தலைப்பு. விதிகளை எழுதியவரும் தலைப்பை எழுதியவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போல.

விதி இருப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சுதந்திரம் என்ற சொல்லைப் பிரித்தால் ‘சு’ என்பது ‘ஸ்வ’, அதாவது தன். தந்திரம் என்பது நூல், பாவு, ஒழுங்கு, ஆட்சிமுறை. (நாம் தந்திரம் என்றாலே நரி என்று நினைப்பது பின்னால் வந்த பழக்கம்.) தன் ஒழுங்கில் தான் நடப்பது சுதந்திரம், பிறர் ஒழுங்கில் நடப்பது பரதந்திரம். ஆக ஒழுங்கே இல்லாத இடத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது, அதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன, தண்ணி தெளித்து விட்டது, கோயில் மாடு, கட்டவிழ்த்த காளை என்று ஏதாவது. என் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதினேழில் எது யாருக்காக?

எட்டு மணிக் கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி எரிச்சலாக இருந்தது, நாற்பத்தொரு வயசுக்காரியை விடுதிப் பிள்ளை மாதிரி பூட்டி வைக்கிறார்களே என்று. மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தால், பலாமரத்தடியில் மண் கிளறிக் கிடக்கிறது, கரையான் புற்று ஒன்று பாதி பெயர்ந்திருக்கிறது, ஈர மண்ணில் பாதத்தின் தடம், மனிதக் குழந்தையின் காலடி மாதிரி, ஆனால் முன்னால் நீளமாக நகக் கீறல்கள். கரடி. கோத்தகிரிப் பக்கம் கரடி ஊருக்குள் வருவது புதிதல்ல, கோயில் விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடிக்கக்கூட வரும். காட்டெருமையும் பகலிலேயே தேயிலைக்குள் நிற்கும், தூரத்திலிருந்து பாறை என்று நினைத்துப் பக்கத்தில் போய்விடாதீர்கள். அதனால் எட்டு மணி விதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன், அது எனக்காகவும் கரடிக்காகவும் போட்டது. ஆனால் அதைத் தாளில் இரண்டு வரியில் எழுதியிருந்தால் முதல் ராத்திரி கோபத்தோடு தூங்கியிருக்க மாட்டேன். துணி காயப்போடக் கூடாது என்பது யாருக்காக? படம் எடுத்தால் பால்கனி அசிங்கமாகத் தெரியும் என்பதற்காக. கல்யாண விதி யாருக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் போன எனக்கு மட்டும் வேறு ஒரு சோதனை, பதிவேட்டில் ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தில் கோடு போட்டேன், சொந்தக்காரர் அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘தனியாவாங்க மேடம் வந்திருக்கீங்க?’ என்றார். ‘ஆமாங்க.’ ‘வீட்டுல தெரியுங்களா?’ வீட்டில் தெரியும் என்றேன். அக்கறையாகத்தான் கேட்டார், சத்தியமாக. ஆனால் முழு சுதந்திரம் என்று போட்ட இடத்தில் முதல் ஐந்து நிமிஷத்தில் கேட்ட கேள்வி அது.

அறை எப்படி? நன்றாக இருக்கிறது. சுத்தம். கம்பளி கனமானது, இரண்டு கொடுக்கிறார்கள், படுக்கை கொஞ்சம் குழி விழுந்தது. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே மூடுபனி. கைப்பேசிக்கு ஒரு நிறுவனத்தின் சிக்னல் மட்டும், அதுவும் கழிவறை ஜன்னலோரம் நின்றால். வெந்நீர் சொன்ன நேரத்துக்கு வந்தது ஒரே ஒருநாள்தான். மற்ற இரண்டு நாளும் வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள், கொண்டுவந்தது யார் என்பதுதான் இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு அக்கா, ஐம்பதை ஒட்டி இருக்கும். சமையல், கூட்டுதல், துணி, வெந்நீர் வாளி, கேட் பூட்டு எல்லாம் அவர்தான். முதல்நாள் ராத்திரி சப்பாத்தி குருமா கொண்டுவந்து வைத்தார், சுமார்தான், எந்த ஊர் ஹோட்டலிலும் கிடைக்கிற குருமா. மெனுவில் இருப்பதெல்லாம் அப்படித்தான், நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ், பன்னீர் என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்று நினைத்துப் போட்டது. அக்காவிடம், ‘நீங்க என்ன சாப்பிடுவீங்கக்கா?’ என்று கேட்டேன். ‘நாங்க ரொட்டிதான் தங்கச்சி.’ என்ன ரொட்டி? ‘தேங்கா ரொட்டி. சம்பல் வச்சு.’

மறுநாள் காலை அவருடைய அடுப்படிக்கே போய்விட்டேன், விதி பதினொன்றோ பன்னிரண்டோ அங்கேயே உடைந்தது. கோதுமை மாவு, துருவின தேங்காய், உப்பு, ஒரு சொட்டு எண்ணெய். தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்து உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிசைகிறார், தேங்காயின் பால் மாவுக்குள் இறங்குகிற வரைக்கும். உருண்டை பிடித்து வாழையிலைத் துண்டின் மேல் வைத்து விரலாலேயே தட்டுகிறார், கனமாக, ஓரம் பிளந்து பிளந்து இருக்கிறது, அதைச் சரிபண்ணவும் இல்லை. ‘ஓரம் வெடிச்சாத்தான் மொறுமொறுன்னு வரும்.’ கல்லில் போட்டதும் தேங்காய் வேகிற வாசனை. சம்பலுக்குத் துருவல், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, அம்மியில் ஒரே இழுப்பு இரண்டு இழுப்பு, பிறகு எலுமிச்சை பிழிந்து கையாலேயே பிசறுகிறார். விடுதி மெனுவில் இது கிடையாது. கோத்தகிரிக் குளிரில் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த அந்த ரொட்டி ஒன்றுக்காகவே 2,400 ரூபாய் தகும். சொந்தக்காரருக்கு இது தெரிந்திருந்தால் பன்னீரைத் தூக்கிக் கடாசியிருப்பார்.

ரொட்டியும் சம்பலும் என்றதுமே உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். அக்காவின் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. நீலகிரியில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன, கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கும். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை பறித்துக்கொண்டிருந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிவிட்டார்கள். நாடு சுதந்திரமான அதே வருஷத்தில் அவர்கள் நாடில்லாதவர்கள். அப்புறம் 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின, இன்றைக்கு டேன்டீ என்கிறோமே அது. சர்க்கார் காகிதத்தில் இவர்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’.

‘எங்கம்மா சொல்லும்’ என்றார் அக்கா, ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. ‘தாயகம் தாயகம்னு சொல்லித்தான் தலைமன்னார்ல கப்பல் ஏத்துனாங்களாம். ராமேஸ்வரத்துல எறங்கி இங்க வந்தா, சிலோன்காரி வந்துட்டான்னாங்களாம்.’

இவருடைய பேச்சில் ‘முடியாது’ கிடையாது, எல்லாம் ‘ஏலாது’தான். இயலாது என்பதன் பேச்சு வடிவம். நான் அச்சில் இயலாது என்று எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன், காதில் கேட்டது இங்கேதான். லீவு போட ஏலாதா என்று நானும் அவர் பாஷையிலேயே கேட்டேன். ‘கெஸ்ட் இல்லாத நாள்ல போலாம். கெஸ்ட் இல்லாத நாள் எங்க இருக்கு.’ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதி நிறைந்திருக்கும், அதனால் அன்றைக்கும் கிடையாது. மாசம் ஒன்பதாயிரம். இதைக் கேட்ட பிறகு வாளி வெந்நீரில் குளிக்கிறபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் குளித்தேன், குளிர் அப்படி.

இங்கே ஒரு தொழில் புத்தி. விடுதி, விடுமுறை, விடுப்பு, விடுதலை, வீடு எல்லாம் ஒரே ‘விடு’விலிருந்து வந்தவை. அறம், பொருள், இன்பம், வீடு என்கிறபோது வீடு என்றால் மோட்சம், பிறவியிலிருந்து விடுதலை. குடியிருக்கிற இடத்துக்கும் அதே சொல்தான், நம் முன்னோர்கள் ஆண்பிள்ளைகளாகவே இருந்து யோசித்திருப்பார்கள் போல, வீட்டில் இருக்கிற பெண்ணைக் கேட்டிருந்தால் வேறு சொல் வைத்திருப்பார்கள். இதில் விடுமுறை என்பது என்னை யாரோ கொஞ்ச நாளைக்கு விடுவது, திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். விடுதலை என்றால் விட்டது விட்டதுதான், ஆனால் அதற்கும் ஒரு ‘இருந்து’ வேண்டும், சிறையிலிருந்து, கடனிலிருந்து, வெள்ளைக்காரனிடமிருந்து. கைதியை நீதிமன்றம் விடுதலை செய்யும், சுதந்திரம் செய்யாது. சுதந்திரத்துக்கு அந்த ‘இருந்து’ தேவையில்லை, அது ஒருவன் எப்படி வாழ்கிறான் என்பதைச் சொல்வது. இந்த விடுதி விற்பது சுதந்திரம் அல்ல, விடுமுறை, அதையும் அங்கே வேலை செய்கிறவருடைய விடுமுறையை எடுத்துத்தான் விற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நான் பழைய ஆவணம் ஒன்றை அச்சுக்குத் தயார் பண்ணுகிறபோது பார்த்து ஆச்சரியப்பட்டது. நம் ஊர்களில் சுதந்திரம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டிலேயே ஊருக்கு வேலை செய்கிறவர்களுக்கும் மிராசுதாரர்களுக்கும் அளந்து கொடுக்கிற தானியப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். வெள்ளைக்காரன் வரிக்கணக்கிலும் அதே சொல் இருக்கிறது. பரம்பரையாக உனக்கு வரவேண்டியது உன் சுதந்திரம், மரக்காலில் அளக்கக் கூடியது. அந்தப் பொருள்படி பார்த்தால் அண்ணன் ‘உனக்கு முழுச் சுதந்திரம் இருக்கு’ என்று சொன்னபோது அது அந்த ஒன்றரை ஏக்கரில் என் பங்கு. அவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் அக்காவோடு கோத்தகிரி கடைவீதிக்குப் போனேன், தேங்காயும் மிளகாயும் வாங்க. மெயின் ரோட்டுக்கு ஏறி நின்றால் உள்ளூர் பஸ் வருகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் 2021-இல் நகரப் பேருந்துகளில் வந்தது, மலைப்பகுதிகளுக்கு 2024-இல்தான் வந்தது, விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் நம் அரசாங்கத்தை அடித்துக்கொள்ள முடியாது, மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்தபோது இலவசம் என்று சொல்லாமல் விலையில்லா என்றார்கள். சரி, பேருக்கு என்ன. கண்டக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நான் கசக்கி ஜன்னல் ஓரம் வைத்தேன். அக்கா அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

‘எதுக்குக்கா அது, காசா பணமா?’

‘இருக்கட்டும். டிக்கெட்டு டிக்கெட்டுதானே.’ கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார். அவருடைய பூட்டன் காலத்தில் சிலோன் தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்ததாம். கூலியாட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிற கங்காணியிடம் வாங்கின கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்த ஆளை விட்டுவிடலாம் என்று எழுதிய காகிதம். அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக ஏலாது, யாரும் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள், வேறு கங்காணி கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டால் கடனும் கூடவே போகும். (இது நிஜம். 1921-இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.) ‘அந்தக் காலத்துல துண்டு கையில இருந்தாத்தான் நடக்கவே விடுவாங்களாம். எனக்கு இவங்க சும்மாவே துண்டக் கையில குடுத்துப் போன்றாங்க’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்னெல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் பஸ் காசு கேட்க வேண்டும், எதற்கு, எப்போது வருவாய், போன வாரம்தானே போனாய் என்று மூன்று கேள்வி வரும். இப்போது கேட்பதில்லை. காசு மிச்சம் என்பதைவிட அந்த மூன்று கேள்வி மிச்சம் என்றார். நான் ஜன்னல் ஓரம் வைத்த டிக்கெட்டை எடுத்து நீவினேன்.

கடைவீதியில் தேங்காய் விலை மலைக்கு ஏறிவிட்டதாலோ என்னவோ கீழ்நாட்டைவிட அதிகம். மலைக்காய்கறி மலிவு, கேரட் மண்ணோடு கிடைக்கிறது, கழுவாமலேயே கடிக்கலாம் என்றிருக்கும், கழுவிவிட்டே சாப்பிடுங்கள். வர்க்கி வாங்கினேன், சூடாக இருந்தது. நேரமிருப்பவர்கள் கன்னேரிமுக்கில் வெள்ளைக்காரக் கலெக்டர் சலிவனின் பங்களாவைப் பார்க்கலாம், 1819-இல் கட்டினது, இப்போது அருங்காட்சியகம். கோடநாடு காட்சிமுனைக்குப் போனால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பனி மூடினால் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நான் அப்படித்தான் திரும்பினேன்.

திரும்பி வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, ‘தங்கச்சி, தலை ஈரமா இருக்கு, இங்க வா’ என்று துண்டை எடுத்து, இது நிஜத் துண்டு, தலையைத் துவட்டிவிட்டார். கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை. தமிழில் இதற்குத்தான் உரிமை என்று சொல்கிறோம், ‘உரிமையோடு கேட்கிறேன்’, ‘உரிமையாக எடுத்துச் சாப்பிட்டான்’ என்று. நீதிமன்றத்தில் எதிர்த்து நின்று வாங்குகிற உரிமைக்கும், ஈரத் தலையைக் கேட்காமல் துவட்டுகிற உரிமைக்கும் நமக்கு ஒரே சொல். இதனால்தான் குடும்பத்துக்குள் உரிமையைக் கேட்கப் போனால் உரிமை போய்விடும் என்று பயந்து சாகிறோம். பதிவு அலுவலகத்தில் என் பேனா ஏன் அவ்வளவு சுலபமாக ஓடியது என்று அந்த ஈரத் துண்டுக்குள் தலையை வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். வருத்தமா என்று கேட்டால், ஆமாம், வருத்தம்தான். அண்ணன் மேல் கோபமா என்றால் இன்னும் தெரியவில்லை, ஊருக்கு வந்தும் அவனுக்குப் போன் பண்ணவில்லை.

கிளம்புகிற அன்று சொந்தக்காரர் வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் மரியாதைக்குக் குறைச்சலில்லை. ‘எல்லாம் திருப்திங்களா மேடம்? அஞ்சு ஸ்டார் போட்டுருங்க.’ நாலு விஷயம் சொன்னேன். மெனுவில் தேங்காய் ரொட்டியைப் போடுங்கள், தனி விலை வையுங்கள், அதில் பாதி அக்காவுக்குப் போகட்டும். வாரத்தில் ஒருநாள் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ அறை கொடுக்காதீர்கள், அன்றைக்கு அவருக்கு லீவு. எட்டு மணி விதிக்குப் பக்கத்தில் கரடி என்று எழுதுங்கள். முதல் மூன்றுக்கும் ‘பாக்கலாங்க மேடம், பாக்கலாங்க’ என்று தலையாட்டினார். நாலாவதாக, சுதந்திரத்துக்கு இடையின ர வரும் என்றேன்.

அப்போதுதான் முகம் மாறினது. ‘அப்படிங்களா? லேமினேட் பண்ணிட்டமுங்களே.’

பலகையை மறுபடி சுட வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் பேனாவால் வருகைப் பதிவேட்டில் மட்டுமாவது திருத்திவிட்டு வந்தேன், அங்கேயும் தலைப்பில் அதே ற.

ஐந்துக்கு மூன்றரை. அறைக்கும் ஜன்னலுக்கும் கம்பளிக்கும் இரண்டு, சமையலுக்கு ஒன்று, கரடி விதிக்கு அரை. வெந்நீருக்கு ஒன்றும் இல்லை, மெனுவில் உள்ள குருமாவுக்கும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் போகலாம், வயசானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம், அந்த அரைக் கிலோமீட்டர் இறக்கம் மழையில் வழுக்கும். தனியாகப் போகிற பெண்கள் தாராளமாகப் போகலாம், பயமே இல்லை, ‘உடன் வருபவர்’ கட்டத்தில் மட்டும் கோட்டை நன்றாக அழுத்திப் போடுங்கள். தேங்காய் ரொட்டி வேண்டுமென்றால் முதல்நாள் மத்தியானமே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், அடுப்படிக்கே போய்ச் சொல்லுங்கள், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் கீழேயிருந்து இரண்டு தேங்காய் கொண்டுபோங்கள்.